தூண்டுவதற்கு எதிர்ச்சொல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கும்பகோணத்தில் சிறிய அச்சகம் ஒன்றுக்குப் பிழை திருத்திக் கொடுத்துவருகிறேன். கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், சங்கத்து ஆண்டறிக்கை என்று கைக்கு வருபவை பெரும்பாலும் நம் பக்கத்து மனிதர்கள் எழுதியவை. அண்மையில் வந்த ஒரு கட்டுரையில், பழைய வரப்புத் தகராறு ஒன்றைப் பற்றிய வாக்கியம் இப்படி இருந்தது: "இரு குடும்பத்தாரையும் ஊர்ப் பெரியவர் சண்டையிடுவதிலிருந்து ஊக்கமிழக்கச் செய்தார்." எழுதியவர் சொல்ல வந்தது புரிகிறது. முந்தைய வாக்கியத்தில் வேறொருவர் அவர்களைத் தூண்டிவிட்டதாக எழுதியிருக்கிறார்; அதற்கு மறுதலையான செயலைப் பெரியவர் செய்தார் என்று காட்ட ஒரு சொல் வேண்டியிருந்தது; அகராதியைப் புரட்டி, அகப்பட்டதை வைத்துவிட்டார். அந்த ஊரில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். "பெரியவர் வந்து விலக்கிவிட்டார்" என்றோ, "வேண்டாம்ப்பா என்று சொல்லித் தடுத்தார்" என்றோதான் சொல்லியிருப்பார்கள்.

மேடு – பள்ளம், வரவு – செலவு போலத் 'தூண்டு' என்பதற்கு எதிரே ஒரே சொல்லை எழுதிக் கோடிட்ட இடத்தை நிரப்பிவிட முடியாது. தூண்டுதல் என்பதில் தூண்டுகிறவர் ஒருவர், தூண்டப்படுகிறவர் ஒருவர், அவருக்குள் கிளம்புகிற கோபமோ ஆசையோ, அதிலிருந்து பிறக்கிற செயல் என்று நான்கு அடங்கியிருக்கின்றன. எதிர்ச்சொல் இந்த நான்கில் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால், சொல் தானாக வந்து நிற்கும். அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரியிலிருந்து தொடங்குங்கள்

தூண்டு என்ற சொல்லின் பழைய பயன்பாடுகளுள் ஒன்று விளக்கைச் சேர்ந்தது. எண்ணெயில் அமிழ்ந்து மங்குகிற திரியின் நுனியை நிமிர்த்திவிடுவது தூண்டுதல். அதற்கு வைத்திருக்கும் குச்சி தூண்டுகோல். "திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்று சொல்லும் நமக்கு வேதாரண்யத்து எலியின் கதை தெரிந்ததுதான். கோயில் விளக்கை நாடி வந்த எலியின் மூக்கு சுடரில் பட்டது. அது துள்ளியதில் மங்கியிருந்த திரி நிமிர்ந்து விளக்கு சுடர்விட்டது. அந்தப் பயனால் எலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது. அப்பர் இதைத் திருக்குறுக்கைப் பதிகத்தில் "கனன்று தூண்ட" என்ற இரண்டே சொற்களில் சொல்லிவிடுகிறார். விளக்கு எரிய வேண்டும் என்ற எண்ணம் அந்த எலிக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். தூண்டுவதற்கு எண்ணம் வேண்டியதில்லை, ஆளும்கூட வேண்டியதில்லை. "பசி அவனைத் திருடத் தூண்டியது" என்று தயக்கமின்றி எழுதுகிறோம். எதிர்ச்சொற்களில் சில இதற்கு இடம் கொடுக்கும், சில கொடுக்காது. "பயம் அவனைத் தடுத்தது", "மழை வெப்பத்தைத் தணித்தது" என்பவை சரி. தேற்று, சமாதானப்படுத்து, இடித்துரை ஆகியவற்றைச் செய்ய மனமுள்ள ஓர் ஆள் வேண்டும். பயம் யாரையும் இடித்துரைக்காது.

தூண்டிய திரியை என்ன செய்வோம்? சற்றே உள்ளிழுத்துச் சுடரைக் குறைக்கலாம், அல்லது விளக்கையே அணைத்துவிடலாம். வீட்டில் அணை என்ற சொல்லைக் கூசுபவர்கள் அமர்த்து என்பார்கள். எதிர்ச்சொல் தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: குறைக்கிறோமா, அணைக்கிறோமா? தணி, மட்டுப்படுத்து, குறை ஆகியவை முதல் வகை. கோபத்தைத் தணித்தார் என்றால் கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். அடுப்பைத் தணித்து வைத்தாலும் உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அணை, அடக்கு, அமர்த்து ஆகியவை இரண்டாம் வகை. கலவரத்தை அடக்கினார்கள் என்றால் அது நின்றுவிட்டது என்று பொருள். இரண்டையும் குழப்பி, "கலவரத்தைத் தணித்து முற்றிலும் ஒழித்தனர்" என்று எழுதினால் வாக்கியம் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும்.

இதற்கிடையில் ஓர் எச்சரிக்கை. தூண்டு என்பதன் எதிர்மறை வடிவம் அதன் எதிர்ச்சொல் ஆகாது. தூண்டாமல் இருப்பவர் சும்மா இருப்பவர். தணிப்பவர் ஒரு வேலையைச் செய்பவர். தூண்டாமணி விளக்கில் வரும் 'தூண்டா' அதற்கு நல்ல சான்று. கிண்ணத்திலிருந்து எண்ணெய் தானாக இறங்கிக்கொண்டிருப்பதால், யாரும் தூண்டாமலே எரிகிற தொங்குவிளக்கு அது. அங்கே 'தூண்டாமை' விளக்கின் பெருமையைச் சொல்கிறதே தவிர, அணைந்த விளக்கைச் சொல்லவில்லை.

நடப்பதற்கு முன்னா, நடக்கும்போதா, நடந்த பிறகா?

அடுத்த கேள்வி காலம் பற்றியது. டெல்டாக்காரர்களுக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தண்ணீர் வருவதற்கு முன் மடையை அடைக்கலாம். வந்துகொண்டிருக்கும்போது வேறு வாய்க்காலுக்குத் திருப்பலாம். வயலில் நிறைந்துவிட்டால் வடிகாலைத் திறந்து வடிக்க வேண்டும். மூன்றுக்கும் மூன்று வேலை, மூன்று சொல்.

செயல் நடப்பதற்கு முன் என்றால் தடு, தடுத்து நிறுத்து, விலக்கு, தவிர்க்கச் செய், வேண்டாமென்று சொல் ஆகியவை பொருந்தும். தூண்டப்பட்ட ஊக்கத்தை வீணாக்காமல் வேறு வழியில் விடுவதற்கு மடைமாற்று என்ற அருமையான சொல் இருக்கிறது. 'திசைதிருப்பு' என்பதில் ஏமாற்றும் தொனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மடைமாற்று என்பதில் அது இல்லை. இளைஞர்களின் கோபத்தைத் தலைவர் ஊர்க் குளத்தைத் தூர்வாரும் வேலைக்கு மடைமாற்றினார் என்று எழுதினால், நடந்தது நல்லதற்குத்தான் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

நடந்துகொண்டிருக்கும்போது என்றால் விலக்கிவிடு, கட்டுப்படுத்து, அடக்கு. கூட்டத்தின் முன் நின்று கையை உயர்த்திக் காட்டி அமைதியாக்குவதற்குக் கையமர்த்து என்றே ஒரு சொல் உண்டு. "கூச்சலிட்ட கூட்டத்தைத் தலைவர் கையமர்த்தினார்" என்பதில் ஆளும் அசைவும் கண்ணில் தெரிகின்றன. இப்போது எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'அமைதிப்படுத்தினார்' என்று ஒரே முத்திரையைக் குத்திக்கொண்டிருப்பதால் இந்தச் சொல் மங்கிவருகிறது என்பது என் வருத்தம்.

நடந்த பிறகு என்றால் தணி, ஆற்று, தேற்று, சமாதானப்படுத்து. இவற்றுள் ஆற்று என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டபராவிலும் டம்ளரிலும் காபியை மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுகிறோம். ஒரே ஊற்றில் ஆறுவதில்லை. மனத்தை ஆற்றுவதும் அப்படித்தான், பொழுது பிடிக்கும் வேலை. ஒரு நொடியில் முடிந்த செயலுக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். "கன்னத்தில் அறைந்து அவனை ஆற்றினார்" என்று ஒரு சிறுகதையில் படித்தபோது சிவப்பு மையை எடுக்க வேண்டியதாயிற்று. கோபம் வடிந்தது, வடியவிட்டார் என்பதும் நல்ல வழக்கு. பாசன வாய்க்காலும் வடிகால் வாய்க்காலும் அருகருகே ஓடும் ஊரில் பிறந்தவர்களுக்கு, "பேசவிட்டு வடியவிட்டார்" என்பதன் நுட்பம் விளக்காமலே புரியும்.

ஆறப்போடு என்பது வேறு. அதில் யாரையும் ஆற்றுவது இல்லை. விஷயத்தைக் கையில் எடுக்காமல் விட்டு வைப்பது மட்டுமே. அது சில நேரம் விவேகம், சில நேரம் சோம்பல். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்ற பழமொழி பிறந்தது அந்த இரண்டாவது வகையிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

வாக்கியத்தின் கட்டுமானம்

பெரும்பாலான தவறுகள் சொல்லில் நேர்வதில்லை, அதைச் சுற்றியுள்ள உருபில் நேர்கின்றன. ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

தூண்டு என்பது செய்யச் சொல்லும் வினையாதலால், அதற்கு முன் 'செய' என்னும் எச்சம் வரும்: "அவனை வழக்குப் போடத் தூண்டினான்." தடு என்பதை அதே இடத்தில் வைத்து "அவனை வழக்குப் போடத் தடுத்தான்" என்று எழுதினால் தமிழ் காது ஒப்பாது. எச்சமும் எதிர்மறையாக மாற வேண்டும்: "அவனை வழக்குப் போடாமல் தடுத்தான்", அல்லது "வழக்குப் போட வேண்டாமென்று தடுத்தான்". "வழக்குப் போடுவதிலிருந்து தடுத்தான்" என்பது இலக்கணத்துக்குள் அடங்கினாலும் ஆங்கிலத்தின் வாசனை வீசும் வாக்கியம். செய்தித்தாள் மொழியில் பெருகிவிட்ட அந்த 'இலிருந்து' உருபை, ஆமல் என்று மாற்றிவிட்டாலே பாதிக் கட்டுரை தமிழாகிவிடும்.

அடுத்து, எந்தச் சொல் ஆளைப் பற்றும், எது உணர்வைப் பற்றும் என்று பார்க்க வேண்டும். தணி உணர்வைத்தான் பற்றும்; "அவன் கோபத்தைத் தணித்தான்" சரி, "அவனைத் தணித்தான்" தவறு. தேற்று ஆளைப் பற்றும். "தங்கையைத் தேற்றினாள்" என்போம், தங்கையின் அழுகையைத் தேற்றினாள் என்று சொல்வதில்லை. அடக்கு இரண்டையும் பற்றும். ஆனால் பொருள் மாறிவிடும். கோபத்தை அடக்கினான் என்றால் தன் கோபத்தையே அடக்கினான் என்று கொள்ளவும் இடமுண்டு. அவனை அடக்கினான் என்றால் அங்கே அதிகாரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விலக்கு சண்டையையும் பற்றும், சண்டைக்காரர்களையும் பற்றும். ஆனால் மனத்துக்குள் இருக்கும் கோபத்தின்மேல் அதற்கு ஆட்சி இல்லை. கைகலப்பை விலக்கிவிட்ட பெரியவர் வீட்டுக்குப் போன பிறகும் இரு வீட்டிலும் உலை கொதித்துக்கொண்டிருக்கலாம்.

தன்வினை, பிறவினை மயக்கம் இன்னொரு இடறுகல். தூண்டு எப்போதும் பிறர்மேல் செய்யும் வினை. ஆகையால் அதன் எதிர்ச்சொல்லும் பிறவினையாகவே இருக்க வேண்டும். அடங்கினான் – அடக்கினான், ஆறினான் – ஆற்றினான், தேறினாள் – தேற்றினாள், அணைந்தது – அணைத்தது, தணிந்தது – தணித்தது என்ற இணைகளில் வலப்பக்கத்தில் உள்ளவையே நமக்கு வேண்டியவை. தணி, அணை ஆகியவை ஏவலில் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவாக இருப்பதால் இறந்த காலத்தில் கவனம் தேவை. "பெரியவர் அவன் சினத்தைத் தணிந்தார்" என்ற பிழையை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன்.

இலக்கண நூல்கள் அதிகம் பேசாத ஒரு வேறுபாடும் இருக்கிறது. தூண்டினான் என்றால் செயல் நடந்ததா இல்லையா என்பது தெரியாது. "வழக்குப் போடத் தூண்டினான், ஆனால் இவன் போடவில்லை" என்று எழுதலாம், முரண் இல்லை. தடுத்தான் என்றால் தடுத்தது பலித்தது என்று பொருள். "வழக்குப் போடாமல் தடுத்தான், ஆனால் இவன் போட்டுவிட்டான்" என்று எழுத முடியாது. பலிக்காத முயற்சியைச் சொல்ல நம்மிடம் 'பார்' என்ற துணைவினை இருக்கிறது: தடுத்துப் பார்த்தான், சொல்லிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துவந்தபோது, தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன், அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்று அறிவித்தார். வழியெங்கும் மக்கள் மறைவாகச் சோறு கொடுத்துக்கொண்டேயிருந்தார்கள். தொண்டர்கள் வேதாரண்யம் சேர்ந்து உப்பும் அள்ளினார்கள். அந்த ஆட்சியரைப் பற்றி எழுதும்போது "மக்களை அச்சுறுத்தித் தடுத்தார்" என்பது பிழை, "அச்சுறுத்தித் தடுத்துப் பார்த்தார்" என்பதே வரலாறு. தேற்று என்பதில் இந்தக் கட்டாயம் இல்லை. "எவ்வளவோ தேற்றினோம், அவள் தேறவில்லை" என்று இழவு வீட்டில் சொல்வது வழக்கம்தானே.

யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்?

நம் பக்கத்துப் பேச்சில் தூண்டுவதற்குச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன: ஏற்றிவிடு, உசுப்பிவிடு, உருவேற்று, சீண்டு, கொளுத்திப்போடு, தூபம் போடு, சிண்டு முடி. எதிரான செயலுக்கு இவ்வளவு வண்ணமான சொற்கள் இல்லையே என்று முதலில் தோன்றும். அங்கே ஒரு சொல்லைத் தேடாமல், உறவு முறையோடு சேர்ந்த பேச்சைக் கேட்க வேண்டும். தம்பி அருவாளைத் தேடுகிறான். அண்ணன் "டேய், உள்ள போ" என்கிறார். அது அடக்குதல். தாய்மாமன் வந்து தோளில் கைபோட்டு, "மாப்ள, நாளைக்கு நீயும் அவனும் ஒரே மடையிலதான் தண்ணி கட்டணும்" என்கிறார். அது சமாதானப்படுத்துதல். அப்பத்தா எதுவும் சொல்லாமல் சோற்றைப் போட்டு எதிரே உட்காருகிறார். அது ஆற்றுதல். மூவரும் தம்பியை 'அமைதிப்படுத்தினார்கள்' என்று எழுதினால் மூன்று மனிதர்களும் காணாமல் போய்விடுவார்கள்.

பழமொழிகளும் கைகொடுக்கும். "எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்" என்பதில், கோபக்காரனை விட்டுவிட்டு ஏற்றிவிடுகிறவனைக் கவனி என்ற யோசனை இருக்கிறது. கட்டுரையில் அந்தச் சூழல் வந்தால் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. "பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது" தூண்டுதலையும் தணித்தலையும் ஒரே கையில் வைத்திருப்பவரைச் சொல்வது.

அடக்கு என்பதைப் பயன்படுத்துமுன் இருமுறை யோசியுங்கள். தூண்டு என்ற சொல்லில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அதன் எதிர்ச்சொல்லிலும் அது ஒளிந்திருக்கும். கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் சங்கம் சேர்ந்து கூலி கேட்ட காலத்தில், சங்கத்துக்காரர்கள் 'ஆட்களைத் தூண்டிவிடுகிறவர்கள்' ஆனது நிலக்கிழார்களின் பேச்சில்தான். செங்கொடி பிடித்தவர்களுக்கு அதே வேலை எழுச்சியூட்டுதல். அவர்களைத் தூண்டுகிறவர்கள் என்று எழுதினால் எதிர்ச்சொல் அடக்குதல் என்று போய் முடியும். எழுச்சியூட்டினார்கள் என்று எழுதினால் எதிர்ச்சொல் ஒடுக்குதல் ஆகும். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததைப் பற்றி எழுதும் மாணவர்கள் இந்த நான்கு சொற்களில் எதை எடுக்கிறார்கள் என்பதை வைத்தே அவர்கள் எந்தப் பக்கத்து நூலைப் படித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

தூண்டுதல் நல்லதாக இருந்தால் எதிர்ச்சொல் கெட்டதாகிவிடும் என்பதும் இதனோடு சேர்ந்தது. படிக்கத் தூண்டினார், எழுதத் தூண்டினார் என்ற இடங்களில் தூண்டு என்பதன் பொருள் ஊக்குவி. அதற்கு எதிரே தணி, ஆற்று, சமாதானப்படுத்து எதுவும் நிற்காது. மனம் தளரச் செய், சோர்வடையச் செய், மட்டம் தட்டு, முட்டுக்கட்டை போடு ஆகியவையே வரும். நம் கட்டுரையாளரின் 'ஊக்கமிழக்கச் செய்' இங்கே வந்திருந்தால் குற்றமில்லை. சண்டைக்குப் போகிறவர்களின் ஊக்கத்தை யாரும் ஊக்கம் என்று மதிப்பதில்லை என்பதால்தான் அங்கே அது இளித்தது.

முட்டுக்கட்டைக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். திருவாரூர் ஆழித்தேரின் இரும்புச் சக்கரங்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்துவிட்ட பிறகும், வீதி திரும்பும் இடத்தில் சக்கரத்தின் முன் கட்டையைப் போட்டுத் தேரை வசப்படுத்துகிறவர்களின் கைத்திறன் இல்லாமல் தேர் நகர்வதில்லை. ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கும்போது, உருளும் சக்கரத்துக்கு அருகே குனிந்து கட்டையைச் செருகுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆனால் பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை போடுகிறவர் என்றால் நல்ல காரியத்தைக் கெடுப்பவர் என்று ஆகிவிட்டது. தேரடியை எழுதும்போது நேர்ப்பொருளிலும், மற்ற இடங்களில் குறைகூறும் பொருளிலும் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

பழைய நூல்களிலிருந்து எடுக்கத்தக்கவை

தீயதைச் செய்யப் போகிறவரைக் கண்டித்துத் திருப்புவதற்கு இடித்துரை என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. நட்புச் செய்வது சிரித்துப் பேசுவதற்காக அன்று, நண்பர் எல்லை மீறும்போது முன்சென்று இடிப்பதற்காக என்று குறள் 784 சொல்கிறது. திருக்குறளின் மொழியில் கா என்பதற்கு அடக்கு என்ற பொருளும் உண்டு. நாகாக்க, சினங்காப்பான் என்பவை அப்படி வந்தவை. தன்னைத்தானே அடக்குவதற்கு 'காத்தல்' என்று எழுதினால் அதில் மரியாதை இருக்கும். அடக்கு என்பதன் முரட்டுத்தனம் இருக்காது.

போருக்கு எழுந்த அரசனைத் தடுத்துச் சமாதானம் செய்விப்பதைப் புறத்திணையில் துணைவஞ்சி என்ற துறையாக வைத்தார்கள். உறையூரில் கதவடைத்து உள்ளே இருந்த நெடுங்கிள்ளியையும் வெளியே முற்றுகையிட்டு நின்ற நலங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர் கிழார் பாடிய புறநானூற்று 45ஆம் பாட்டு அதற்குச் சான்று. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவரும் தலையில் சூடிய கண்ணி சோழர்க்குரிய ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று காட்டுகிறார். நிறுத்து என்று ஓர் இடத்திலும் அவர் ஆணையிடவில்லை. அந்தச் செயலுக்குச் 'சந்து செய்வித்தல்' என்று பெயர். இன்று பஞ்சாயத்துச் செய்திகளில் 'சமரசம் செய்து வைத்தார்' என்று எழுதுகிறோமே, அதன் பாட்டன் இது. மேடைப் பேச்சிலும் மலர்க் கட்டுரையிலும் சந்து செய்வித்தார் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். விளக்கம் ஒரு சொல் சேர்த்தால் போதும், படிப்பவர் ஏற்றுக்கொள்வார்.

அகத்திணையில் செலவழுங்குவித்தல் என்று ஒன்று உண்டு. பொருள் தேடப் புறப்படும் தலைவனைப் போகவிடாமல் நிறுத்துவது. செலுத்து என்பதற்கு நேர் எதிராக நிற்கும் அழகான சொல். ஆனால் இன்றைய உரைநடையில் அழுங்குவி என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். படித்து மகிழ்வதோடு விட்டுவிடலாம்.

வற்புறுத்து என்பதன் வரலாறு விசித்திரமானது. சங்கப் பாடல்களின் துறைக் குறிப்புகளில், பிரிவால் வருந்தும் தலைவியைத் தோழி வற்புறுத்தினாள் என்றால், தலைவன் வருவான் என்று சொல்லி மன உறுதி ஊட்டினாள், அதாவது ஆற்றுவித்தாள் என்று பொருள். இன்று அதே சொல் விடாமல் நெருக்குவதைக் குறிக்கிறது. தூண்டுதலுக்கு எதிரே நின்ற சொல் தூண்டுதலின் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. சங்க இலக்கியம் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் வந்தால் எந்தக் காலத்துப் பொருளில் எழுதுகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிவிடுங்கள்.

வழுக்கும் இடங்கள்

ஆற்று, ஆற்றுப்படுத்து இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஆறுதல் தருவது. இரண்டாவதில் உள்ள ஆறு வழி. வழிப்படுத்துவது என்று பொருள். பரிசு பெற்ற பொருநன் மற்றொரு பொருநனைக் கரிகாலனிடம் செல்லும் வழியில் செலுத்துவதால் அது பொருநர் ஆற்றுப்படை. இப்போது மனநல ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்கிறோம். அதுவும் பொருத்தமே, அவர் வழிகாட்டுகிறவர். ஆனால் அழும் குழந்தையைத் தாய் ஆற்றுப்படுத்தினாள் என்று எழுத வேண்டாம். ஆற்றினாள், தேற்றினாள் போதும்.

பாடநூலில் தூண்டல், துலங்கல் என்று இணையாக வருவதைப் பார்த்துச் சிலர் இரண்டையும் எதிர்ச்சொற்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். தொட்டால் சுருங்கும் செடியில் தொடுவது தூண்டல், சுருங்குவது துலங்கல். காரணமும் விளைவும் எதிர்ச்சொற்கள் ஆவதில்லை. அறிவியல் தமிழில் ஊக்கி என்று முடியும் பெயருக்கு எதிரே தடுப்பான் என்று முடியும் பெயரையே தேடுங்கள். அங்கே தேற்றுவதற்கும் ஆற்றுவதற்கும் வேலை இல்லை.

மனு எழுதுகிறவர்களுக்குப் பழகிய தொடர் "இன்னாருடைய தூண்டுதலின்பேரில்" என்பது. அதற்கு மறுதலையாக உங்கள் தரப்பைச் சொல்லும்போது "நான் தடுக்க முயன்றும் கேளாமல்" என்று எழுதினால் போதும். "நான் சமாதானப்படுத்தியும்" என்று எழுதினால் ஏற்கெனவே தகராறு நடந்திருந்தது என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வாயை அடைத்தார் என்பது தணித்தார் ஆகாது. பேச முடியாமல் செய்தார் என்பது மட்டுமே அதன் பொருள், உள்ளே கோபம் இரட்டித்திருக்கலாம். தூபம் போடுவதற்கும் எண்ணெய் ஊற்றுவதற்கும் எதிர் தண்ணீர்தானே என்று எண்ணி, "தகராறில் தலையிட்ட சித்தப்பா அண்ணன் மகனுக்குத் தண்ணீர் தெளித்தார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆட்டைத் தண்ணீர் தெளித்துக் கோயிலுக்கு விடுவதுபோல, இனி இவன் எப்படியும் போகட்டும் என்று கைவிடுவதுதான் தண்ணீர் தெளித்துவிடுதல். அந்தச் சித்தப்பா உண்மையில் விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்து பையனோடு பேசிக்கொண்டிருந்தவர். "கோபத்தை ஆற்றினார்" என்று திருத்தி அனுப்பினேன்.